சாவி தொலைந்தால் பூட்டையும் தொலைக்க வேண்டுமா?

அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவரின் சாவி தொலைந்துபோனால் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: லாக் செட்டையே மாற்றிவிடலாம். இக்னிஷன், கதவு, டிக்கி என எல்லாவற்றுக்கும் புதுப் பூட்டு வந்துவிடும். பல பத்தாண்டுகள் உழைத்த பழைய பித்தளைப் பூட்டுகள் எடைக்குப் போய்விடும். இந்தப் பழக்கம் தவறு என்பது என் உறுதியான கருத்து. தொலைந்தது சாவி; பூட்டு காரிலேயேதான் இருக்கிறது. இருக்கும் பூட்டுக்குச் சாவி செய்வதுதான் முறை. அதற்கான கைத்திறன் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டால் அதுவும் இல்லாமல் போகும்.

இது பழமைப் பித்து அல்ல. முதற்பதிவாகி 50 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வாகனம் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது அதில் முக்கியமான நிபந்தனை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-ல் வெளிவந்தது; அந்தத் தலைமுறை கார்கள் இந்த வயதை எப்போதோ கடந்துவிட்டன. 1974-ல் பத்மினி என்று பெயர் சூட்டப்பட்ட கார்களில் மூத்தவை 2024-ல் ஐம்பதைத் தொட்டன. அந்த விதி பூட்டைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால், மூல வடிவம் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டென்றால், ஓட்டுபவர் தினமும் கை வைக்கும் கதவுப் பிடியும், டேஷ்போர்டில் கண்ணெதிரே இருக்கும் சாவித் துளையும் அதற்குள் வராமல் எது வரும்? புதிய செட் அளவு பொருந்தாமல் போகும்போது டேஷ்போர்டுத் துளையை அரத்தால் அகலப்படுத்துவார்கள். அப்படித் தேய்த்த தகரத்தை மறுபடி பழையபடி ஆக்க முடியாது.

பழைய காரின் பூட்டைக் கழற்றிப் பார்த்தால், சாவி இல்லை என்பதற்காக அதைத் தூக்கி எறிவது எவ்வளவு வீண் என்று புரியும். விரல் பருமனில் ஓர் உருளை. அதன் பள்ளங்களில் சில மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சன்னல். அதன் ஓரத்தில் முடியளவு கம்பியில் சுற்றிய ஒரு சுருள்வில். சாவி உள்ளே போகும்போது அதன் வெட்டுகள் அந்தந்தச் சன்னலின் விளிம்பைத் தூக்கியோ தாழ்த்தியோ பிடிக்கும். எல்லாத் தகடுகளும் உருளையின் மட்டத்துக்கு வந்தால் பூட்டு திரும்பும். ஒரு தகடு நகக்கீறல் அளவு துருத்தினாலும் திரும்பாது. ஆகவே, தொலைந்த சாவியின் வடிவம் முழுவதும் பூட்டுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. உருளையை வெளியே எடுத்து, சன்னல்களின் உயரத்தைப் பார்த்து, வெற்றுச் சாவியை அரத்தால் இழைத்து இழைத்துப் போட்டுப் பார்ப்பவருக்கு அதைப் படிக்கத் தெரியும். உருளையைக் கழற்றாமலே செய்கிறவர்களும் உண்டு. விளக்குப் புகையில் கறுக்க வைத்த வெற்றுச் சாவியைத் துளைக்குள் விட்டு மெல்லத் திருகினால், தகடு முட்டும் இடங்களில் கரி கலைந்து புள்ளி தெரியும். அந்தப் புள்ளியில் அரம் போடுவார்கள். பூட்டு கெட்டுவிட்டது என்று சொல்லப்படுபவற்றில் பல, காலம் காலமாக உள்ளே ஊற்றிய எண்ணெயில் தூசி சேர்ந்து களிம்பாகி நிற்பவை. பெட்ரோலில் கழுவி, கிராஃபைட் பொடி தூவினால் மறுபடி அசையும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்துப் பூட்டுகள் பலவற்றின் முகத்திலோ, சாவியின் தலையிலோ ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் சாவியின் ஜாதகம். பிரிட்டிஷ் கார்களில் வெகுவாகப் புழங்கிய எஃப்.எஸ். வரிசை 876-ல் தொடங்கி 955-ல் முடியும். மொத்தமே 80 வெட்டுகள். எண் தெரிந்தால் பழைய சாவி கையில் இல்லாமலே புதுச்சாவி வெட்டலாம். தேய்ந்த சாவியை இயந்திரத்தில் வைத்து நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். நகலுக்கு நகல் எடுத்தால் பூட்டு இன்னும் இறுகும். எண்ணை வைத்து வெட்டிய சாவிக்கு அந்தக் குறை இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்த எண்ணைத் தேடி, ஆர்.சி. புத்தகத்தோடு எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

எண்பதே வெட்டுகள் என்றால் பாதுகாப்பு எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஃபோர்டின் மாடல் டி கார் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. அதன் இக்னிஷன் சாவிகளோ 51 முதல் 74 வரை, வெறும் 24 வகைதான். ஊரில் ஒருவர் காரின் சாவி இன்னொருவர் காருக்கும் பொருந்துவதில் அதிசயமே இல்லை. பழைய பூட்டு திருடனைத் தடுக்கும் கோட்டை என்று நான் வாதிடவில்லை. ஆனால், புது செட் போட்டால் மட்டும் அந்தக் கார் கோட்டையாகிவிடுமா? முக்கோணச் சன்னலை நெம்பினால் கை உள்ளே போகும். டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு ஒயர்களைச் சேர்த்தால் என்ஜினுக்கு மின்சாரம் வரும். அந்தக் கார்களின் பலவீனம் அவற்றின் அமைப்பிலேயே இருப்பது. பாதுகாப்பு வேண்டுமென்றால், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஒரு மறைவான சுவிட்சும், ஸ்டியரிங்கில் மாட்டும் ஒரு பூட்டுக்கம்பியும் புது லாக் செட்டைவிட அதிகம் உதவும். இரண்டையும் காரில் ஒரு துளைகூடப் போடாமல் பொருத்தலாம், வேண்டாதபோது கழற்றலாம்.

காரை வைத்தே பிழைப்பவர் என்ன செய்வார் என்று கேட்டால், அங்கே எனக்கு மறுப்பில்லை. நாளை காலை கல்யாண சவாரி இருக்கிறவரைச் சாவிக்காரரின் நேரத்துக்குக் காத்திரு என்று சொல்ல முடியாது. அவர் புதுப் பூட்டு போட்டுக்கொள்ளட்டும். கழற்றிய பழையதை ஒரு துணிப்பையில் போட்டு வைத்தால் போதும். பின்னால் நேரம் கிடைக்கும்போதோ, அடுத்து வாங்குபவருக்கோ அது உதவும். வெற்றுச் சாவி கிடைப்பதில்லை என்ற தடைதான் இவற்றில் மிகக் கடினமானது. சாவித்தண்டின் பக்கவாட்டுப் பள்ளம் பூட்டுக்குப் பூட்டு மாறும். பொருந்தாத வெற்றுச் சாவி துளைக்குள்ளேயே போகாது. இதைத் தனி ஆளாகத் தீர்ப்பது சிரமம். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கங்கள் கூட்டாகச் சேர்ந்து, தேவையான சில வகைகளை மொத்தமாகச் செய்யச் சொன்னால் வழி பிறக்கும். சென்னை புதுப்பேட்டையில் உடைக்கப்படும் கார்களின் பூட்டுகளை அவற்றின் சாவியோடு சேர்த்துக் கட்டி விற்பதையும் கடைக்காரர்கள் ஒரு வழக்கமாக்கலாம். சாவி பிரிந்தால் அந்தப் பூட்டு வெறும் உலோகம். சேர்ந்திருந்தால் ஒரு காரின் உயிர்.

சாவியில்லாத பூட்டைத் திறக்கும் வித்தையை ஊக்குவிப்பது திருடர்களுக்கு வழிகாட்டுவது ஆகாதா என்ற அச்சமும் உண்டு. தேர்ந்த சாவிக்காரர்கள் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் காரில் கை வைப்பதில்லை. இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கி, வண்டி எண்ணையும் உரிமையாளர் பெயரையும் ஒரு நோட்டில் பதியச் சொல்வதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அந்த நோட்டு சாவிக்காரருக்கும் காப்பு. கார் காணாமல் போனால் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். சாவி புதிதாகச் செய்ததற்கான ரசீது இருந்தால் உரிமையாளருக்கும் அது ஆதாரம்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் பெருமைப்பட்டோம். கையால் இழைத்துச் செய்யும் அந்தப் பூட்டுக்குக் கொடுத்த மதிப்பில் பாதியாவது, பூட்டைப் படித்துச் சாவி செய்பவருக்குக் கொடுத்திருக்கிறோமா? தெருமுனையில் சாவிக்கொத்துகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இன்று நகலெடுக்கும் இயந்திரத்தை மட்டும் நம்பியிருக்கிறார்கள். அந்த இயந்திரத்துக்கு ஏற்கெனவே ஒரு சாவி வேண்டும்; சாவியே இல்லாத பூட்டின் முன்னால் அது ஒன்றும் செய்யாது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவர்கள் தொடக்கத்திலேயே அரம் பிடிக்கப் பழகுகிறார்கள். அதே பட்டறை மேசையில் ஒரு பழைய கார்ப் பூட்டைக் கழற்றி, கழுவி, சாவி இழைத்து, மறுபடி பூட்டும் பயிற்சியைச் சில வாரங்கள் சேர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. சொல்லிக்கொடுக்க, தெருவில் இருக்கும் அந்த மூத்த சாவிக்காரரையே ஒரு நாள் சம்பளம் கொடுத்து அழைக்கலாம்.