உயிலில் ஒரு டாக்டருக்கும் இடமுண்டா?

ஜமாஅத் பெரியவர்களே, தனவந்தர்களே! வஸிய்யத் எழுத உட்காரும்போது உங்கள் நினைவுக்கு வருவது என்ன? பள்ளிவாசலுக்கு ஒரு மினாரா, மதரஸாவுக்கு ஒரு மாடி, மையவாடிக்குச் சுற்றுச்சுவர். நல்ல காரியங்கள்தாம். ஆனால் ஒரு டாக்டர் மூன்றாண்டுகள் இதய ஆராய்ச்சி செய்ய உங்களில் எவரேனும் எழுதி வைத்ததுண்டா?

அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். டாக்டர் ஸலீம் யூசுஃபைப் பாருங்கள். கேரளத்துக் கொட்டாரக்கராவில் பிறந்தவர். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் மருத்துவம் முடித்து, 1976-ல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். மாரடைப்புக்கான மருந்துகளை நூறு, இருநூறு பேரிடம் சோதித்து முடிவு கட்டக் கூடாது, பல்லாயிரம் பேரிடம் சோதிக்க வேண்டும் என்று வாதிட்டு, செய்தும் காட்டிய குழுவில் அவரும் ஒருவர்.

பின்னர் அவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்ததுதான் 2004-ல் வெளியான 'இண்டர்ஹார்ட்' ஆய்வு. முதல் மாரடைப்பு கண்ட சுமார் 15,000 பேரை, ஏறத்தாழ அதே அளவு மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல் என ஒன்பது காரணங்களே பெரும்பாலான மாரடைப்புகளுக்குப் போதும் என்று தெரிந்தது. நமக்கு அதில் ஒரு தனிச் செய்தி உண்டு. மாரடைப்பு கண்ட தெற்காசியர்களில் பாதிப் பேருக்கு அது 53 வயதுக்குள்ளேயே வந்துவிட்டது. மற்ற நாட்டவருக்கு அந்த வயது 59-ஐ ஒட்டியது. 53 என்றால் என்ன வயது? கடைசி மகளின் நிக்காஹ் முடிந்திருக்காது, வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியிருக்கக்கூட மாட்டார்!

அவரைப் படிக்க வைத்த பணம் யாருடையது? 1902-ல் இறந்த செசில் ரோட்ஸுடையது. ஆப்பிரிக்க மண்ணை வளைத்து, வைரச் சுரங்கத்தில் கொழித்த ஏகாதிபத்தியவாதி. அவரைப் புகழ நமக்கு ஒன்றுமில்லை. உயிலில் ஆண்களுக்கு மட்டும் என்று எழுதிவிட்டார். அந்த ஒரு சொல்லால் 1977 வரை பெண்களுக்குக் கதவு அடைபட்டே கிடந்தது. எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ரோட்ஸை விட்டுத் தள்ளுங்கள். 1961-ல் தொடங்கிய பிரிட்டிஷ் இதய அறக்கட்டளைக்கு வரும் பணத்தில் பெரும் பங்கு சாதாரண மக்கள் உயிலில் விட்டுச் சென்றது. அதிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் டாக்டர்களுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். சம்பளம் என்பதுதான் விஷயம். எம்.டி. முடித்தவருக்குக் குடும்பம் உண்டு, கடன் உண்டு. கிளினிக்கை மூடிவிட்டு எதை நம்பி ஆய்வுக்கூடத்துக்குப் போவார்? நாமோ முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறோம்.

நம்மிடம் வழி இல்லாமலில்லை. சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்ய மார்க்கம் அனுமதிக்கிறது. முதலைத் தொடாமல் வருமானத்தைச் செலவிடுவதே வக்ஃபு. ஹகீம் அப்துல் ஹமீது 1948-ல் ஹம்தர்த் நிறுவனத்தையே வக்ஃபாக்கினார். அந்த வேரிலிருந்து வந்ததுதான் டெல்லி ஜாமியா ஹம்தர்த்.

ஓர் ஊரால் முடியாதுதான். பத்து ஊர் சேரட்டும். ஒரு மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு ஒருவர் என்று தொடங்கட்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கே, எங்கள் குடும்பத்துக்கே என்று உயிலில் முடிச்சுப் போடாதீர்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை முதவல்லிக்கு வேண்டாம், இதய நிபுணர்கள் மூவரிடம் இருக்கட்டும்.