பூச்சுக்குள் மறைந்த காயம்!

பழைய ‘ஸ்போர்ட்ஸ்’ கார் வாங்குவோர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

‘ஸ்போர்ட்ஸ்’ கார் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? தாழ்வான உடல். வலுவான எஞ்சின். கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். புதிதாக வாங்க எல்லோராலும் முடியாது. அதே கார், சில வருடம் ஓடிய பிறகு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால்? சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. வேகமாகப் போவதற்கென்றே செய்த கார் இது. முன்பு வைத்திருந்தவர் அதை மரத்தில் மோதியிருக்கலாம். சுவரில் இடித்திருக்கலாம். பட்டறையில் தகட்டைத் தட்டி நிமிர்த்துவார்கள். பட்டி வைத்துத் தேய்ப்பார்கள். மேலே பெயிண்ட் அடிப்பார்கள். முடிந்தது வேலை! காயம் மறைந்துவிடும். விற்பவரும் வாய் திறக்கமாட்டார்.

வாய் திறக்காமல் இருப்பது மோசடி ஆகுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

டாக்டர் வாங்கிய கறுப்புக் கார்

1990-ம் ஆண்டு. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்காம் நகரில், ஒரு டாக்டர் பி.எம்.டபிள்யூ. ‘ஸ்போர்ட்ஸ்’ கார் ஒன்றை வாங்கினார். கறுப்பு நிறம். விலை 40 ஆயிரத்து 750 டாலர். பழைய கார் அல்ல, புத்தம் புதியது என்றே வாங்கினார்.

9 மாதம் ஓட்டினார். ஒரு குறையும் தெரியவில்லை. காருக்கு இன்னும் மெருகு ஏற்றலாம் என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் காரைப் பார்த்தார். “இந்தக் காருக்கு முன்பே மறுபடியும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்” என்ற உண்மை அப்போதுதான் வெளிவந்தது.

நடந்தது இதுதான். ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் காரின் பூச்சு கெட்டுவிட்டது. அமில மழை காரணமாக இருக்கலாம் என்றார்கள். கம்பெனி 601 டாலர் செலவழித்துப் பூச்சைச் சரிசெய்தது. பழுதுபார்த்த செலவு காரின் விலையில் 100-க்கு 3 பங்குக்கு மேல் போகாவிட்டால் அதை யாரிடமும் சொல்வதில்லை. இதுதான் 1983 முதல் கம்பெனியின் வழக்கம்.

டாக்டர் வழக்குப் போட்டார். மறுபூச்சு அடித்ததால் காரின் மதிப்பு 10-ல் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றார். ஜூரிகள் ஒப்புக்கொண்டார்கள். நஷ்டஈடு 4 ஆயிரம் டாலர். மறைத்ததற்குத் தண்டனையாக மேலும் 40 லட்சம் டாலர்!

மாநில சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனைத் தொகையை 20 லட்சமாகக் குறைத்தது. 1996-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, “அதுவும் அளவுக்கு மீறியது” என்று தீர்ப்பளித்தது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 நீதிபதிகள் மறுபக்கம். கடைசியில் 1997-ல் அது 50 ஆயிரம் டாலராகக் குறைந்தது.

தொகை குறைந்தது உண்மை. ஆனால் ஜூரிகளின் தீர்ப்பு வந்தபோதே கம்பெனி தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. எவ்வளவு சிறிய பழுதாக இருந்தாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தது.

வெறும் பூச்சு மாற்றியதற்கே இத்தனை பெரிய வழக்கு. அந்தக் கார் எதிலும் மோதவில்லை. அப்படியானால், மோதி நொறுங்கிய காரை மறைத்து விற்பது எவ்வளவு பெரிய தீங்கு!

உயிரோடு விளையாட்டு

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால்?

இக்காலத்துக் காரின் முன்பகுதி, மோதும்போது தானே மடங்கி அதிர்ச்சியைத் தாங்கும்படி செய்யப்பட்டது. ஒரு முறை மடங்கிய பகுதியைத் தட்டி நிமிர்த்தினால் பழைய உருவம் வரும். பழைய வலு வராது. அடுத்த முறை மோதினால் அதிர்ச்சி உள்ளே இருப்பவர்களைத் தாக்கும்.

காற்றுப்பையும் அப்படித்தான். ஒரு முறை விரிந்துவிட்டால் அது மறுபடி பயன்படாது. புதியது வைக்க வேண்டும். அதற்கு விலை அதிகம். சில பட்டறைகளில் புதிய பை வைக்காமல், மூடியை மட்டும் ஒட்டிவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

‘ஸ்போர்ட்ஸ்’ காரில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லாக் கார்களும் இரும்புத் தகட்டால் ஆனவை அல்ல. ஹோண்டா கம்பெனி 1990-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘என்.எஸ்.எக்ஸ்.’ காரின் உடல் அலுமினியத்தால் ஆனது. மெக்லாரன் கார்களின் நடுக்கூடு கார்பன் இழையால் ஆனது. அமெரிக்காவின் கார்வெட் காருக்கு 1953 முதலே கண்ணாடி இழை உடல்தான். கார்பன் இழையும் கண்ணாடி இழையும் இரும்பைப் போல நசுங்காது. விரிசல் விடும். விரிசல் உள்ளுக்குள்ளே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பட்டி வைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது என்று சொல்வார்கள். இரும்புக் காருக்கு அது சரி. அலுமினியக் காரிலும் கண்ணாடி இழைக் காரிலும் காந்தம் எங்குமே ஒட்டாதே!

ஏட்டில் ஏறாத விபத்து

விபத்தை மறைக்க முடியாதபடி ஏட்டில் பதிந்துவிட்டால் என்ன? சில நாடுகள் அதைச் செய்திருக்கின்றன.

பிரிட்டனில், பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்ட கார்களை 4 வகையாகப் பிரிக்கிறார்கள். ‘ஏ’ என்றால் முழுவதையும் நொறுக்கிவிட வேண்டும். ‘பி’ என்றால் பாகங்களை மட்டும் கழற்றி விற்கலாம். ‘எஸ்’ என்றால் காரின் அடிச்சட்டமே அடிபட்டது, பழுதுபார்த்து ஓட்டலாம். ‘என்’ என்றால் சட்டத்துக்குச் சேதம் இல்லை. ‘எஸ்’, ‘என்’ இரண்டும் 2017 அக்டோபரில் வந்தவை. பணம் கட்டினால் யாரும் இந்த விவரத்தைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை குத்துகிறார்கள். ஒரு மாநிலத்தில் குத்திய முத்திரையை வேறு மாநிலத்தில் பதிவு செய்து போக்கிவிடும் தந்திரமும் அங்கே உண்டு. அதைத் தடுக்க நாடு முழுவதற்கும் ஒரே ஏடு வைக்க 1992-ல் சட்டம் செய்தார்கள். 2009 முதல் பொதுமக்களும் அதைப் பார்க்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிந்த விபத்துதான் பெரும்பாலும் ஏட்டில் ஏறும். சொந்தப் பணத்தில் ரகசியமாகப் பழுதுபார்த்தால்? ஏட்டில் ஒன்றும் இராது. “ஏடு சுத்தமாக இருக்கிறது” என்பதால் “கார் சுத்தமாக இருக்கிறது” என்று ஆகிவிடாது.

குதிரை சொல்லும் பாடம்

இந்தியாவிலும் இப்படிப்பட்ட கார்கள் கைமாறுகின்றன. இங்கே ஆர்.சி. புத்தகத்தில் விபத்தைக் குறிக்க இடமே கிடையாது. அப்படியானால் வாங்குகிறவருக்கு என்ன பாதுகாப்பு?

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது. கார் பிறக்காத காலம் அது. எனவே சட்டம் குதிரையை உதாரணம் காட்டுகிறது.

நோயுள்ள குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி அவர் பேசவில்லை. வாங்குகிறவரும் கேட்கவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம்.

ஆனால் வாங்குகிறவர் இப்படிச் சொல்லிவிட்டால்? “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்கு நோய் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.” அதற்குப் பிறகும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்! மறைத்தது மோசடி ஆகிவிடும். பேரத்தை ரத்து செய்ய வழி பிறக்கும்.

கேட்காதவர் கை வெறுங்கை. கேட்டவர் கையில் ஆயுதம். குதிரைக்குச் சொன்னது காருக்கும் பொருந்தும்.

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், “அவர் மௌனமாக இருந்து ஏமாற்றிவிட்டார்” என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே கேட்கவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

கேள்வியை எழுத்தில் கேட்க வேண்டும். “இந்தக் கார் எப்போதாவது விபத்தில் அடிபட்டதா? வெள்ளத்தில் மூழ்கியதா? எந்தப் பாகம் மாற்றப்பட்டது?” பதிலையும் எழுத்தில், கையெழுத்தோடு வாங்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே!

பழைய இன்சூரன்ஸ் பத்திரங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நஷ்டஈடு கேட்காத வருடங்களுக்குக் கம்பெனி ‘போனஸ்’ தரும். ஒரே சொந்தக்காரர் பல வருடம் வைத்திருந்த காருக்குத் திடீரென்று போனஸ் இல்லாமல் போயிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

கதவு, பானெட், டிக்கி இவற்றின் இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்கிறதா? போல்ட் தலைகளில் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா? டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைகிறதா? எரியவே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும்.

பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி உண்டு. தொழிற்சாலைப் பூச்சு சுமார் 100 முதல் 200 மைக்ரான் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அது பல மடங்கு காட்டினால் அங்கே பட்டி இருக்கிறது. கடைசியாக, அந்த வகைக் காரைப் பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் காட்டி, காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். விற்பவர் காட்டும் மெக்கானிக் உதவமாட்டார்.

வாங்கிய பிறகு உண்மை தெரிந்தால்? காரை மேலும் பிரிக்காமல் படம் எடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வியாபாரியிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கியது என்றால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. தனி மனிதரிடம் வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்டுதான் வழி. அங்கே எழுதி வாங்கிய பதில்தான் முதல் சாட்சி.

அடிபட்ட கார் எல்லாம் ஆகாத கார் அல்ல. முறையாகப் பழுதுபார்த்து, உள்ளதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். நேர்மையான மனிதர் கேள்விக்குப் பதில் எழுதித் தரத் தயங்கமாட்டார். எழுதித் தர மறுத்தால் அந்த மறுப்பே பதில்!