நாவல் பழத்துக்குக் காசா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஒரு சண்டை. கை ஓங்கவில்லை, குரல்தான் ஓங்கியது. காரணம் 30 ரூபாய்.

நண்பர் ஒருவர், என்னைப் போலவே பென்ஷன்காரர், பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காரில் வெள்ளிமலைக்குப் போயிருக்கிறார். ஊரைத் தாண்டி ஒரு சின்னக் காடு. வரப்போரம் ஆறேழு நாவல் மரம், பழம் கறுத்துத் தொங்குகிறது. பறித்துத் தின்னலாமா என்று கேட்டதற்கு அந்தக் காட்டுக்காரம்மா, பெரியவர்களுக்கு ஆளுக்கு 30 ரூபாய், வீட்டுக்கு எடுத்துப் போனால் கிலோ 80 என்றாராம். நண்பர் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"காட்டுல தானா மொளச்ச மரம். தண்ணி ஊத்தினாளா, உரம் வெச்சாளா? அதுக்குப் போய்க் காசா? மலை ஜனங்களும் கெட்டுப்போச்சு சார்" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் கோபம் வந்தால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார், படிக்கட்டும்.

முதலில் அந்தக் "காடு" என்ற சொல். நம் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். மரவள்ளிக் காடு, சோளக்காடு என்று நாமே சொல்வோம். மலையிலும் அப்படித்தான். ஒருவருடைய பாத்தியத்தில் இருக்கிற நிலத்தில், அவர் வெட்டாமல் விட்டு வைத்த மரம் அது. நாவல் நிழலில் வெள்ளாமை சரியாக வராது. விறகுக்கு வெட்டியிருந்தால் அன்றைக்கே காசு. வெட்டாமல் வைத்திருப்பதும் ஒரு செலவுதான். நம் வீட்டுத் தென்னை நிழலில் பக்கத்து வீட்டுக்காரன் கார் நிறுத்தினாலே நாம் எப்படிக் கத்துகிறோம்!

சரி, நண்பர் சொல்கிறபடி அது வனத்து மரமாகவே இருக்கட்டும். அப்போது மட்டும் நமக்குச் சொந்தமா? 2006ல் வந்த வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். வழிவழியாகச் சேகரித்து வந்த சிறு வனப் பொருள்களுக்கு மலைவாழ் மக்களே உரிமையாளர்கள் என்று எழுதியிருக்கிறது. சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கார் எடுத்துக்கொண்டு வருகிற நமக்கு அதில் ஒரு வரி கிடையாது.

சண்டை நடந்த மறுநாளே பேரனை அழைத்துக்கொண்டு நான் அங்கே போனேன். கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில்தான். நாவல் பறிப்பது எப்படி என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிளையைப் பிடித்து உலுக்கினால் பழம் கொட்டும், கொட்டினது பாதி நசுங்கிவிடும், மீதியில் மண் ஒட்டும். அவ்வைக் கிழவி ஊதித் தின்ற கதை நமக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கதையில் மரத்தில் ஏறினது யார் என்று யோசிக்கிறோமா? விற்கிற பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். நாவல் கிளை பார்க்கத் தடியாக இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அந்தம்மாவின் மகன் இடுப்பில் கயிறு கட்டி, கூடையைத் தொங்கவிட்டு, கிளையின் அடிப்பக்கமாகவே கால் வைத்து ஏறினான். எட்டாததைத் தொரட்டியால் இழுத்தான். கீழே பழைய சேலைகளை நாலு மூலையும் கட்டி விரித்திருந்தார்கள். இறங்கின பழத்தில் கிளி கொத்தினது, புழு விழுந்தது, வெடித்தது என்று அந்தம்மா ஒதுக்கிக்கொண்டே இருந்தார். ஒதுக்கின குவியல் சின்னதாக இல்லை. நல்லதும் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

எங்களுக்குத் தாழ்ந்த கிளையைக் காட்டினார். "கெளைய ஒடிக்காதீங்க அய்யா, மத்தபடி வயிறு முட்டத் தின்னுங்க" என்றார். என்னிடம் 30 ரூபாய் வாங்கினார். பேரனுக்கு நீட்டினதை வாங்கவில்லை. "பச்சப் புள்ளைக்குக் காசா?" என்று கேட்டார். நண்பர் கேட்ட அதே கேள்விதான், கேட்ட இடம்தான் வேறு. நண்பரும் பேரப்பிள்ளைகளோடு அந்த வரப்பில் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் இதைப் பார்த்திருப்பார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அதே வாரம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துத் தள்ளுவண்டியில் கால் கிலோ 60 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கிலோவுக்கு 240. வண்டிக்காரரிடம் நாம் யாரும் சண்டை போடவில்லை. ஆறு வருஷமாக அந்தம்மாவின் மரங்களைப் பூவிலேயே ஒரு வியாபாரி குத்தகை பேசி, மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாராம். பழம் எவ்வளவு காய்த்தாலும் அதே தொகை. இந்த வருஷம்தான் குத்தகைக்கு விடாமல் தானே விற்றுப் பார்க்கிறார். நம்மைப் போல நாலு பேர் திரும்பிப் போனால் அடுத்த வருஷம் மறுபடியும் குத்தகைதான்.

இதே நண்பர் இரண்டு வருஷத்துக்கு முன் தன் மகன் குடும்பம் இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போன படங்களை எங்களுக்குக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார். முன்கூட்டியே பதிவு செய்து, நுழைவுக் கட்டணம் கட்டி, கூடையை எடை போட்டு மறுபடியும் காசு கொடுத்து! "என்ன ஒழுங்கு பாருங்க சார்" என்றார். அங்கே ஒழுங்கு, வெள்ளிமலையில் பேராசை.

2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, அது மெத்தனால் என்று தெரிந்த பிறகும் எங்கள் கூட்டத்தில் பேச்சு மலைப்பக்கம் திரும்பியது. "மேலே காய்ச்சுறவன் ஒழுங்கா ஒரு தொழில் செய்யக் கூடாதா?" கல்வராயன் மக்களின் நிலை பற்றி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்ததும் அந்த வருஷம்தான். ஒழுங்கான தொழில் என்றால் இதோ இதுதான், விலை சொல்லி எடை போட்டு விற்பது. அதற்கும் முகம் சுளித்தால் அவர்கள் என்னதான் செய்ய வேண்டும்?

இவ்வளவு பேசுகிற நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1983 முதல் மூன்று வருஷம் வெள்ளிமலையில் வேலை பார்த்தேன். எந்தத் துறை என்பது வேண்டாம். பலாப்பழம், தேன், ஆனி மாதம் வந்தால் கூடையில் நாவல், எல்லாம் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்துவிடும். ஒரு பெரியவர் கொண்டு வந்த நாவலுக்கு என் மனைவி இரண்டு ரூபாய் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்ன அன்பான ஜனங்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். மாற்றலாகி வந்த பிறகு, அந்த மலையிலேயே பிறந்த சக ஊழியர் ஒருவர் சொன்னார்: "அது அன்பு இல்ல சார், பழக்கம்." ஜாகிர்தார்கள் காலத்தில் கூலியில்லாமல் ஊழியம் செய்தவர்கள் அவர்கள். 1976ல் ஜாகிர் போனது. நான் போனது ஏழு வருஷம் கழித்து. ஜாகிர்தார் இருந்த இடத்தில் ஆபீசர் வந்து உட்கார்ந்தார், கூடை வாசல் மாறி வந்தது. நானும் வாங்கி வாங்கித் தின்றேன்.

அந்தப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மலையில் இன்று ஒரு பெண்மணி நம் முகத்தைப் பார்த்து "30 ரூபாய்" என்கிறார். கெட்டுப்போய்விட்டார்களாம்!

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொட்டையை உலர்த்திப் பொடி செய்து சாப்பிடுகிறேன் என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வருகிற ஞாயிறு மறுபடியும் போகிறேன். நண்பருக்கும் சேர்த்து பஸ்ஸில் இடம் போட்டு வைக்கிறேன். அங்கே டவர் கிடைப்பதில்லை, போனில் பணம் போகாது. சில்லறையாகக் கொண்டு வாருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், நாவல் கறை போகாது.