இது தருமமன்று, கடன்

நண்பகலில் எங்கோ ஓர் ஓசை கேட்கிறது. தாயில்பட்டியிலும் வெம்பக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்களிலும் அதற்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அடுப்படியில் இருந்த பெண் வாசலுக்கு ஓடி வருகிறாள். புகை எந்தத் திசையில் எழுகிறதென்று பார்க்கிறாள். அத்திசையில் தன் வீட்டார் எவரும் வேலைக்குச் செல்லவில்லை என்றால் பெருமூச்சு விடுகிறாள். பெருமூச்சு விட்டதற்காகத் தன்னைத்தானே நொந்துகொள்ளவும் செய்கிறாள். இப்படி ஒரு மூச்சுக்கும் மறுமூச்சுக்கும் நடுவே வாழ்கிற மக்களின் நடுவில் பல ஆண்டுகள் மேய்ப்புப்பணி ஆற்றியவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன்.

அன்று மாலையே மருத்துவமனைப் பிணவறை வாசலில் மற்றொரு காட்சி தொடங்கும். உடலை வாங்க மறுத்து உறவினர் தரையில் அமர்ந்திருப்பர். ஆலை உரிமையாளரின் சார்பில் ஒருவர் வருவார். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் நிற்பர். ஒரு தொகை சொல்லப்படும், மறுக்கப்படும், சற்றே உயர்த்தப்படும். இறுதியில் கையெழுத்தோ கைநாட்டோ விழும். மறுநாள் ஊரில், “நல்ல மனிதர், பெரிய உதவி செய்தார்” என்று பேசிக்கொள்வார்கள். அன்பு வாசகரே, அந்த ‘உதவி’ என்னும் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. அரசு தன் நிவாரண நிதியிலிருந்து கொடுப்பது உதவி. அண்டை வீட்டார் சோறாக்கிக் கொண்டுவருவது உதவி. எவருடைய அறையில் எவருடைய இலாபத்திற்காக ஒருவர் உடல் கருகினாரோ, அவர் கொடுக்க வேண்டியது உதவி அன்று. அது கடன்.

இந்தக் கடன் புதிதாக முளைத்ததன்று. 1991-இல் சிவகாசிப் பகுதியில் நேர்ந்த ஒரு வெடிவிபத்தில் 39 பேர் மாண்டதை உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை மடிந்தனர். அவர்களுள் தீயை அணைக்கவும் பிறரைக் காக்கவும் ஓடிச்சென்ற ஊரார் பலர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் 2023-இல் ரெங்கபாளையம், 2024-இல் செங்கமலப்பட்டி, 2025-இல் சின்னக்காமன்பட்டி. ஊர்ப்பெயர்கள் மாறுகின்றன, பிணவறை வாசலில் நடக்கும் பேரம் மட்டும் மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளையர் ஆட்சிக் காலத்திலேயே, 1923-இல், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தை ஏற்று, அதன் அடிப்படை நெறிகளைத் தன்னுள் கொண்டுள்ளது. அந்நெறிகள் எளியவை. வேலையின்போது வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால் இழப்பீடு தருவது வேலை கொடுத்தவரின் பொறுப்பு. அவர் தவறு செய்தார் என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தொகை, நடுவர்களின் மனநிலையால் அன்று, கணக்கினால் முடிவாகிறது. இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் கூலி பெற்ற, நாற்பது வயது நிறைந்த ஒருவருக்கு அந்த எண் 184.17. பெருக்கினால் 9,20,850 ரூபாய். உயிர் தப்பி, இனி எவ்வேலையும் செய்ய இயலாதவராகக் கிடந்தால் பாதிக்குப் பதிலாக அறுபது விழுக்காடு. அப்போது 11,05,020 ரூபாய். வயது குறைவாக இருந்தால் தொகை இன்னும் கூடும்.

இன்னும் கேளுங்கள். இறப்புக்கான இழப்பீட்டை உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தாரின் கையில் நேரே கொடுத்து முடித்துக்கொள்வதைச் சட்டம் இழப்பீடாக ஏற்பதில்லை. “இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்று எழுதி வாங்கிய தாள் செல்லாது. ஆலை ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் இருந்தால் இம்மொத்தத் தொகைக்குப் பதிலாகக் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. காலத்தில் செலுத்தாவிட்டால் பன்னிரண்டு விழுக்காடு வட்டியும், தக்க காரணம் இல்லையெனில் தொகையில் பாதி வரை தண்டமும் உண்டு. இத்தனையும் நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கின்றன. பிணவறை வாசலில் நிற்பவருக்கு மட்டும் எவரும் சொல்வதில்லை.

நானும் சொல்லவில்லை. அதை மறைத்துவிட்டு பிறரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், அறையில் கருகி இறந்த ஒருவரின் மனைவியை என் இல்லத்திற்கே அழைத்து வந்தார்கள். ஆலையின் ஆள் ஒருவர், போர்மேன், இரண்டு பெரியவர்கள். பெரியவர்களுள் ஒருவர் அந்தப் பெண்ணிடம், “ஏத்தா, பெரிய இடத்தைப் பகைச்சுக்கிட்டு நாளைக்கு எந்த ஆலைக்குப் போவ? குடுக்கிறதை வாங்கிக்க” என்றார். அவர் என்னைப் பார்த்தார். சச்சரவின்றி முடிந்தால் நல்லது என்று எண்ணி நானும் தலையசைத்தேன். “சாமி, நீங்க சொன்னாச் சரி” என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். சட்டம் அவருக்கு உரிமையாக்கியதில் அது ஒரு சிறு பங்கு என்பதை நான் அறிந்தபோது, விண்ணப்பிக்க அன்றைய சட்டம் வைத்திருந்த இரண்டாண்டுக் காலவரை கடந்திருந்தது. தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் வழி அப்போதும் இருந்தது; கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை. மகளையும் அழைத்துக்கொண்டு அவர் மீண்டும் ஓர் ஆலைக்கே வேலைக்குப் போனார். சமாதானம் செய்துவைத்தேன் என்று அன்று நான் நினைத்தேன். உண்மையில் ஓர் ஏழையின் சொத்து கைமாறியபோது சாட்சியாக அமர்ந்திருந்தேன்.

இதற்கெதிராகச் சொல்லப்படும் நியாயங்களை நான் அறிவேன். முதலாவது, “அவருடைய கவனக்குறைவுதான் காரணம்” என்பது. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதாம். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலான ஆட்களை அமர்த்தியவர் யார்? இடம் போதாமல் மரத்தடியில் வேலை செய்ய விட்டவர் யார்? அது ஒருபுறம் இருக்கட்டும். உயிர் போனபோதும், முழுமையாக முடங்கியபோதும், தொழிலாளியின் தவற்றைக் காட்டித் தப்பிக்க வேலை கொடுத்தவருக்குச் சட்டம் இடம் தரவில்லை.

இரண்டாவது, “எங்கள் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை; அறைகளை வேறொருவருக்கு விட்டிருந்தோம்” என்பது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில், குத்தகைக்காரர் கூட்டிவந்த ஆட்கள் எவர் கணக்கிலும் இல்லை. விபத்து நடந்தபின் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுகிறார்கள். ஒப்பந்தக்காரர் வழியாக வேலை வாங்கினாலும் முதன்மை உரிமையாளர் பொறுப்பினின்று நீங்குவதில்லை என்பதே சட்டத்தின் நெறி. பதிவேட்டில் பெயர் இல்லாமை தொழிலாளியின் குற்றமன்று. அது பதிவேட்டை வைத்திருந்தவரின் குற்றம். உடன் வேலை செய்தவர்களின் சாட்சியமும் சான்றுதான்.

மூன்றாவது நியாயம் கனமானது: “இவ்வளவு கேட்டால் ஆலைகள் மூடப்படும்; வானம் பார்த்த இந்தப் பூமியில் வேறு என்ன பிழைப்பு?” 2018-இல் பேரியம் கலந்த பட்டாசுகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின் வேலையின்றி வாடிய வீடுகளை நானும் கண்டவன், ஆகவே இதை எளிதில் தள்ளமாட்டேன். ஆனால் மருந்துக்கும் காகிதத்திற்கும் லாரிக்கும் விலை கொடுத்து நடக்கிற தொழில், மனிதருக்கான காப்பீட்டுக் கட்டணத்தால் மட்டும் மூழ்கிவிடும் என்பதை எப்படி ஏற்பது? இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்கும் காப்பீடுகள் இருக்கின்றன. அவற்றை முறையாக எடுத்தவருக்கு ஒரு விபத்து அழிவாகாது. எடுக்காதவரோ தம் தொழிலின் ஆபத்தை ஏழையின் தோளில் ஏற்றிவைத்து, அதனால் மிஞ்சியதை இலாபம் என்கிறார். அச்சங்குளம் விபத்தில் இறந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்திற்கும் 20 லட்சம் ரூபாய் வழங்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டதும், ஓர் உயிரின் விலை பிணவறை வாசலில் முடிவாகக்கூடாது என்பதையே காட்டுகிறது.

நான்காவதாக நம்மவர் சொல்வது, “எல்லாம் கடவுளின் சித்தம்” என்பது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் மறுத்தார். உயிரோடிருப்பவர்களை மனம் மாறச் சொன்னார். விடுதலைப்பயண நூலின் இருபத்தொன்றாம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அடிபட்டுப் படுத்தவனுக்கு வேலையிழந்த நாள்களின் ஈட்டையும் குணமாகும்வரை ஆகும் செலவையும் அடித்தவன் தரவேண்டும். முட்டும் மாடென்று தெரிந்தும் கட்டிவைக்காதவன் பழிக்கு உள்ளாவான். குழியை மூடாமல் விட்டவன் அதில் விழுந்த கால்நடைக்கு ஈடு கொடுக்க வேண்டும். கழுதைக்கும் மாட்டுக்கும் ஈடு கணக்கிட்ட இறைவன், அறைக்குள் அடைபட்ட பெண்ணின் சாவைத் தம் சித்தம் என்றா சொல்வார்?

திருச்சபையும் மௌனமாக இருந்ததில்லை. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் ‘ரேரும் நோவாரும்’ தொடங்கி, வேலையில் நேரும் விபத்துக்கான மருத்துவத்தையும் காப்பீட்டையும் தொழிலாளியின் உரிமைகளுள் வைத்துப் பேசிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடல் வரை இந்தப் போதனை தொடர்கிறது. பொதுநிலையினருக்காகவே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ஏடு, நீதியின்படி கொடுக்க வேண்டியதை அன்பின் கொடைபோலக் கொடுக்கக்கூடாது என்று எச்சரிக்கிறது. நம் கோயில் திருவிழாவுக்குக் கொடியும் விளக்கும் தருகிற கையே இறந்தவரின் குடும்பத்தைக் குறைத்துக் கொடுத்து அனுப்புகிறதென்றால், அந்த விளக்கின் ஒளியில் நமக்கு எதுவும் தெரியவில்லை என்றே பொருள்.

இந்த நோய் பட்டாசு அறைகளோடு நிற்கவில்லை. ஆலை வேண்டாம் என்று சென்னைக்கும் கோவைக்கும் போன நம் பிள்ளைகள் இருசக்கர வண்டியில் வீடுவீடாகப் பார்சல் கொண்டுசெல்கிறார்கள். சாலையில் விழுந்து கால் முறிந்தால், “அவர் எங்கள் ஊழியர் அல்லர், கூட்டாளி” என்ற பதில் வருகிறது. உள்குத்தகை நகரத்தில் அணிந்துகொண்ட புதுச்சட்டை அது. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு இத்தகைய தொழிலாளர்களை முதன்முறையாகப் பெயர் சொல்லி ஏற்றது. தமிழ்நாட்டில் அவர்களுக்கென 2023-இல் நலவாரியமும் அமைக்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆயினும் நலவாரியம் தருவது நலவுதவி. வேலை வாங்கியவர் பட்ட கடன் அதனால் தீர்ந்துவிடாது.

ஆகவே பங்கு மக்களை மூன்று காரியங்கள் கேட்கிறேன். ஒவ்வோர் அன்பியத்திலும் யார், எந்த ஆலையில், எவருடைய உரிமத்தின்கீழ், என்ன கூலிக்கு வேலை செய்கிறார் என்று ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். நாளை அதுவே சான்றாகக்கூடும். விபத்து நேர்ந்தால் அடக்கம் முடியும் முன் எந்தத் தாளிலும் கையெழுத்திட விடாதீர்கள்; தொழிலாளர் துறை அலுவலகத்திற்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கும் உடன் செல்லுங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் அங்கே சட்ட உதவி இலவசம். மூன்றாவது, நம்முள் உரிமையாளராகவும் குத்தகைக்காரராகவும் போர்மேனாகவும் இருப்போருக்கு: இந்தத் தீபாவளிக் கணக்கு முடிக்கும் முன், ஒவ்வோர் அறையிலும் அமர்ந்திருப்பவர் பெயர் பதிவேட்டில் உண்டா, அவருக்குக் காப்பீடு உண்டா என்று பாருங்கள்.

குருக்களாகிய எங்களுக்கும் ஒன்று உண்டு. அந்த வாசலில் இனி நாங்கள் தரகராக நிற்கலாகாது. கைநாட்டு வைக்கும் முன் அந்தத் தாய் எங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்போது தலையசைக்காதிருக்கும் துணிவை ஆண்டவர் எங்களுக்குத் தருவாராக.