இசைக்கடையும் அதன் உடைமையாளரும்

கடைகள் பலவகைப்படும். உப்பும் பருப்பும் விற்கும் கடைக்குச் செல்பவன் தனக்கு வேண்டுவது இன்னதென்று அறிந்தே செல்கிறான். இசைக்கருவிகளும் பாட்டுகளும் விற்கும் கடையிலோ, தனக்கு வேண்டுவது யாதென்பதைப் பெரும்பாலும் அங்கே சென்ற பின்னரே அறிகிறான். ஆதலின் அக்கடை ஒருவகையிற் பள்ளிக்கூடமுமாம். அதன் உடைமை, இசையறிந்த வணிகர் கையினின்றும் பெருங்கம்பெனிகளின் கைக்கு மாறுங்கால் நாம் பெறுவதென்ன, இழப்பதென்ன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மிருதங்கத்தை உதாரணமாகக் கொள்வோம். பலாமரத்தைக் குடைந்து, தோல் போர்த்து, வார் இழுத்துச் செய்யப்படும் இக்கருவி எல்லார்க்கும் ஒரே அளவினதாகாது. தாழ்ந்த சுருதியிற் பாடுவோருக்கு நீண்டதும், உயர்ந்த சுருதியிற் பாடுவோருக்குக் குறுகியதும் வேண்டும். ஆகவே விஷயமறிந்த கடைக்காரர் விலையைப் பேசுவதற்கு முன்னரே, "யாருடைய பாட்டுக்கு வாசிக்கப் போகிறீர்கள்? எத்தனை கட்டை?" என்று கேட்பார். வலந்தலையைத் தட்டிக் காட்டுவார். தோல் தளர்ந்தால் யாரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் சொல்லியனுப்புவார். வாங்கச் சென்ற மாணவன் ஒரு பாடமும் கற்றுத் திரும்புவான்.

1980-களிலும் 1990-களிலும் நம் சிற்றூர்களில் இருந்த பாட்டுப் பதிவுக் கடைகளும் இத்தகையனவே. 60 நிமிஷ நாடாவோ 90 நிமிஷ நாடாவோ வாங்கி, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழிதிக் கொடுத்தால், கடைக்காரர் பதிவு செய்து கொடுப்பார். மிஞ்சிய இடத்தில் எப்பாட்டு பொருந்தும் என்று யோசனையும் சொல்வார். அத்தொழில் பெரும்பாலும் உரிமைச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கேட்போரின் சுவையை அறிந்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதும் உண்மையே.

பெருங்கம்பெனிகளால் நன்மையே விளையவில்லை என்பது நடுநிலையாகாது. பழைய கடைகள் பலவற்றில் மேசைக்கு அப்பால் பொருளும் இப்பால் வாங்குவோரும் இருக்க, எடுத்துக் காட்டும்படி கேட்பதற்கே எளியவர் கூசினர். ஆளைப் பார்த்து விலை சொல்லும் வழக்கமும் உண்டு. ஆர். பி. ஜி. குழுமத்தார் தொடங்கிய 'மியூசிக் வேர்ல்ட்' கடைகளிலோ, எவரும் உட்புகுந்து, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, வாங்காமலே பாட்டுக் கேட்கலாம். குறித்த விலை யாவர்க்கும் ஒன்றே. இஃது எளியார்க்குக் கிடைத்த பெரிய கௌரவமன்றோ?

எனினும் அக்கடைகள் 2013-இல் மூடப்பட்டன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1987-இல் ஹேமு ராமையா என்னும் அம்மையார் தொடங்கிய 'லேண்ட்மார்க்' புத்தக, இசைக் கடையின் பெரும்பங்கை 2005-இல் டாட்டா குழுமத்தைச் சேர்ந்த 'டிரெண்ட்' கம்பெனி வாங்கியது. அது தொடங்கிய நுங்கம்பாக்கத்துக் கடையும் பின்னர் மூடப்பட்டது. அமெரிக்காவில் 1959-இல் ஆர்கன் விற்கும் கடையாகத் தொடங்கிய 'கிடார் சென்டர்' 2007-இல் 'பெயின் கேபிடல்' என்னும் முதலீட்டுக் கம்பெனியின் வசமாயிற்று. அவ்விற்பனையோடு பெருங்கடனும் அதன் தலையில் ஏறியது. 2020-இல் கடன்காப்புக் கோரி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

இணையமும் கைப்பேசியுமன்றோ இசைத்தட்டு வியாபாரத்தை வீழ்த்தின, கம்பெனிகள் என் செய்யும் என வினவலாம். வினா நியாயமானதே, பாட்டு காற்றில் வந்தபின் தட்டு விற்பது எவர்க்கும் அரிது. ஆனால் நஷ்டம் வந்த காலத்தில் கடையை என்ன செய்வது என்பதை முடிவு செய்வோர் யாவர்? இசையே தம் வாழ்வாகக் கொண்ட வணிகர் வேறு சரக்கையேனும் வைத்து, பாடம் சொல்லிக் கொடுத்தேனும் கடையைக் காக்க முயல்வார். பலதொழில் நடத்தும் குழுமத்துக்கோ அது கணக்கில் ஒரு வரி, அடித்துவிடுவது எளிது. சென்னை அண்ணா சாலையிலுள்ள 'மியூசி மியூசிகல்' 1842-இல் மிஸ்குவித் என்பவர் பெயரால் தொடங்கியது. கைகள் மாறிப் பின் ஒரு குடும்பத்தாரிடம் வந்து, இன்றும் நடைபெறுகிறது. கருவி விற்பதோடு இசை கற்பித்தலும், இலண்டன் டிரினிடி கல்லூரித் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தலும் அதன் பணிகளாயின. கருவியை இணையவழி இறக்கிக்கொள்ள முடியாது என்பது அதற்கு ஒரு துணையே. எனினும் அது மட்டுமே காரணமெனக் கொள்ளற்க.

இவை நகரத்துச் செய்திகள், கீழ்பென்னாத்தூரிலிருக்கும் நமக்கென்ன என்று இருத்தல் தகாது. நம் வட்டாரத்தில் தெருக்கூத்து இன்னும் வாழ்கிறது. அதற்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் முகவீணையும் வேண்டும். ஆண்டுக்கு எத்தனை விற்கும் என்று பார்த்துச் சரக்கெடுக்கும் தலைமை அலுவலகம் எதுவும் முகவீணையைத் தன் பட்டியலிற் சேர்க்குமோ? விற்பனை குறைந்த கருவி முதலிற் பட்டியலினின்றும், பின் அலமாரியினின்றும், முடிவில் நம் நினைவினின்றும் நீங்கும். அதனை அழிக்க வேண்டுமென்று எவரும் எண்ணியிரார். ஆயினும் அழிவு நேர்ந்துவிடும்.

ஆதலின் மாணவ நண்பர்கட்கு நாம் சொல்ல விரும்புவன சில. திருவண்ணாமலையிலோ சென்னையிலோ ஒரு கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்து, அவர் கருவியை வாசித்துப் பார்த்துவிட்டு, சில ரூபாய் குறைவென்று இணையத்தில் அதனையே வாங்குதல் நேர்மையன்று. அவர் சொன்ன பாடத்துக்கும் கூலியுண்டு. கருவி பழுதுபட்டால் எறிந்துவிட்டுப் புதியது தேடாமல், தோல் மாற்றவும் சுருதி சேர்க்கவும் அறிந்த தொழிலாளரைத் தேடிக் கொடுத்தல் வேண்டும். கல்விச்சாலைகள் இசைக்கருவி வாங்குங்கால் குறைந்த விலைப்புள்ளி ஒன்றையே நோக்காது, பின்னாளிற் பழுது பார்ப்பவர் யாரென்றும் கேட்டல் வேண்டும். பெருங்கம்பெனிகளின் போக்கை மாற்றும் வலிமை நமக்கில்லை. நம் பணம் யார் கையிற் சேர வேண்டும் என்று தேரும் உரிமையோ நம்மிடமே உள்ளது. அதனை அறிந்து செலுத்துவோமாக.