வராத நோயும் வராத போரும்

தட்டம்மைக்கும் அணுகுண்டுக்கும் என்ன உறவு? அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில ஆளுநராயிருந்த டேல் பம்பர்ஸின் துணைவியார் பெட்டி பம்பர்ஸ் இரண்டையும் எதிர்த்தவர். 1970-களில் அம்மாநிலக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் இயக்கம் நடத்தினார். 1982-இல் அணு ஆயுதப் போரைத் தடுக்கப் பெண்களைத் திரட்டி, 'பீஸ் லிங்க்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்.

இரண்டிலும் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. வராத நோயை யார் எண்ணுவார்? வராத போரை யார் நினைப்பார்? அங்கேதான் அலட்சியம் பிறக்கிறது. 1989 முதல் 1991 வரை அமெரிக்காவில் 55,000-க்கும் மேற்பட்டோரைத் தட்டம்மை தாக்கியது. தடுப்பூசி இருந்தும் பல குழந்தைகளுக்குப் போடப்படவில்லை! 1991-இல் அவர் ரோசலின் கார்ட்டருடன் சேர்ந்து மீண்டும் களம் இறங்கினார்.

நோய்த்தடுப்பும் அமைதியும் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டியவை. அடுத்த தலைமுறை நீங்கள்தானே?