மூட்டையில் கலோரி, கையேட்டில் ஜூல்: எது அதிகம்?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐந்நூறு முட்டைக்கோழிகள் வைத்திருக்கும் அவர், மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, எண்ணெய் நீக்கிய தவிடு, கிளிஞ்சல் எல்லாம் வாங்கித் தீவனத்தைத் தானே அரைத்துக்கொள்கிறார். அவருடைய கலவைக் கணக்கில் எரிசக்தி கிலோவுக்கு 2,750 கிலோ கலோரி. குஞ்சு வாங்கிய இடத்தில் கொடுத்த கையேட்டில் 11.5 மெகா ஜூல் என்று இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகன் 2,750-ஐ 4.184-ஆல் பெருக்கி 11,506 என்று விடை சொல்லியிருக்கிறான். ‘பதினொன்றரை எங்கே, பதினோராயிரம் எங்கே? சத்து மிஞ்சிவிட்டதா? மக்காச்சோளத்தைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டலாமா?’ என்பது அவர் கேள்வி.

குறைக்கவே வேண்டாம். கையேடு சொல்வதும் அவர் அரைப்பதும் ஒரே அளவுதான். மகன் போட்ட பெருக்கலும் சரி. விடைக்குப் பக்கத்தில் அலகை எழுதாததுதான் குறை. கிலோ கலோரியை 4.184-ஆல் பெருக்கினால் கிடைப்பது கிலோ ஜூல். ஆயிரம் கிலோ ஜூல் சேர்ந்தால் ஒரு மெகா ஜூல். ஆக 11,506 கிலோ ஜூல் என்பது 11.5 மெகா ஜூல். ஒரு மூட்டையைக் கிலோவிலும் சொல்லலாம், கிராமிலும் சொல்லலாம், மூட்டை கூடுவதில்லை. கையேட்டு எண்ணைக் கிலோ கலோரிக்குக் கொண்டுவர மெகா ஜூலை 239-ஆல் பெருக்கினால் போதும்.

ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு அளவு? கலோரி, சூட்டை அளக்க வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவையானது ஒரு கிலோ கலோரி. ஜூல், வேலையை அளப்பது. நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஏறக்குறைய ஒரு ஜூல். வேலையும் சூடும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்பதை 1840-களில் அளந்து காட்டியவர் ஜேம்ஸ் ஜூல், இங்கிலாந்தில் பீர் வடிப்பவர் ஒருவரின் மகன். எடைக்கல் கீழே இறங்க, அதோடு கட்டிய துடுப்பு தண்ணீரைக் கலக்க, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். 4.184 என்ற எண்ணுக்கு மூலம் அந்த மாதிரிச் சோதனைகள்தான்.

பேச்சு வழக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிட வேண்டும்’ என்று சொல்கிறார்களே, அது உண்மையில் 2,000 கிலோ கலோரி. சாப்பாட்டு விஷயத்தில் ‘கிலோ’வை விழுங்கிவிட்டுப் பேசுவது உலகம் முழுக்கப் பழகிவிட்டது. பாடப்புத்தகக் கலோரி இதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பிள்ளைகள் கணக்குப் போடும்போது சறுக்குவது இந்த இடத்தில்தான்.

மின்சார யூனிட்டும் இதே குடும்பம். ஒரு யூனிட் என்பது 3.6 மெகா ஜூல், அதாவது 860 கிலோ கலோரி. கடின வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கிலோ கலோரி தேவை என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் கணக்கிட்டது. அது நாலு யூனிட் மின்சாரம், ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நாள் முழுக்க வரப்பு வெட்டுகிறார், மூட்டை தூக்குகிறார்.

கோழிக்கு வருவோம். கோழி பெரும்பாலும் எரிசக்தித் தேவை தீரும்வரை தின்னும். எண்ணைத் தப்பாகப் படித்து மக்காச்சோளத்தைக் குறைத்திருந்தால், அதே தேவைக்குக் கோழி கூடுதலாகத் தின்றிருக்கும், தீவனச் செலவு ஏறியிருக்கும். தவிடு அளவு மீறினால் இரைப்பை நிறையும், சக்தி நிறையாது; உடல் எடையும் முட்டையும் இறங்கும். மாறாக, போதவில்லை என்று நினைத்து எண்ணெயைக் கூட்டுபவர்களும் உண்டு. அப்போது கோழி குறைவாகத் தின்னும்; புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்தே குறையும், முட்டை ஓடு மெலியும். எரிசக்தியை மாற்றினால் மற்ற சத்துகளையும் அதற்கேற்ப மாற்றித்தான் ஆக வேண்டும்.

அலகு மாற்றத்தால் தீராத வித்தியாசம் ஒன்று இருக்கிறது. மக்காச்சோளத்தை எரித்துப் பார்த்தால் வரும் மொத்தச் சக்தி கிலோவுக்கு ஏறக்குறைய 3,900 கிலோ கலோரி. எச்சத்தில் போவது போகக் கோழிக்குப் பயன்படுவது சுமார் 3,350, அதாவது 14 மெகா ஜூல். தீவனக் கணக்குக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். வியாபாரத்தில் இதை ‘எம்.இ.’ என்பார்கள். அட்டவணையில் எம்.இ. என்றும் கோழிக்கானது என்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதே தவிட்டுக்கு மாட்டின் எண் வேறு, கோழியின் எண் வேறு.